இப்போதைக்கு நீ

"கிட்டோட முட்டி எப்படி இருக்கு?"

காலை ஏழு மணிக்குள் செனிங்கிடம் இந்தக் கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முதல் ஆள் பேக்கரிக்காரி. சூடான பான்டெசால் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள். இரண்டாவது, குடியிருப்பு வாசலில் நிற்கும் காவலாளி மாங் டோலென். பதில் வந்த பிறகுதான் தடுப்புக் கம்பத்தைத் தூக்குவேன் என்று நின்றார். மூன்றாவது, மரிக்கினா சந்தையில் பாங்குஸ் மீன் விற்கும் அலிங் புரிங். செதில் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, கத்தியும் கையுமாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்காம். இன்னும் ரெண்டு வாரம்னு சொல்றாங்க," என்றான் செனிங்.

"போன மாசமும் இதையேதான சொன்னே?"

"நான் சொல்லல அலிங். டாக்டரு சொன்னாரு. அந்த முட்டிக்கு நான் சொந்தக்காரன் இல்ல."

"அதான் தெரியுதே. உன் முட்டியா இருந்தா நாங்க இவ்வளவு கவலைப்படுவோமா?"

அவள் மனதில் துளி விஷம் கிடையாது. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் அவன் இருபத்திரண்டு புள்ளி எடுத்து, அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோயிருந்தான். அலிங் புரிங் அந்த ஆட்டத்தை இதே கடையில், தராசுக்கு மேலே தொங்கும் டிவியில் பார்த்தவள். பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள். சண்டை போடலாம் என்றால் சண்டைக்கான ஆளும் இல்லை அவள். மீனை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

அர்செனியோ லாகுவெஸ்டா என்பது அவனுடைய முழுப்பெயர். அந்தப் பெயர் அவனுடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். வயது முப்பத்து நான்கு. டப்பாவில் அடைத்த மத்தி மீன் விற்கும் லூனா கம்பெனியின் கூடைப்பந்து அணியில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறான். 'இருக்கிறான்' என்பதுதான் சரியான சொல். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற கார்டு இடத்தில் அணிக்கு எப்போதும் ஒரு பெரிய ஆள் உண்டு. அந்த ஆள் மூச்சு வாங்கும்போது நாலு நிமிடம், ஐந்து நிமிடம் செனிங் போய் ஆடிவிட்டு வருவான். பன்னிரண்டு வருடத்தில் அப்படி மூன்று பெரிய ஆட்களைப் பார்த்துவிட்டான். மூன்றாவது ஆள்தான் கிட் பல்மசேடா. வயது இருபத்தைந்து. நாட்டில் பாதிப் பேருடைய செல்போன் திரையில் அவன் முகம் இருக்கிறது.

சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே கிட் குதித்து இறங்கும்போது எவனுடைய காலிலோ காலை வைத்து, முட்டியைத் திருகிக்கொண்டு விழுந்தான். அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. பெண்கள் அழுதார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது. பயிற்சியாளர் போனி சர்மியென்டோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பெஞ்சின் கடைசியில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து இரண்டே சொல் சொன்னார்.

"செனிங். இக்காவ் முனா."

இக்காவ் என்றால் நீ. அதில் ஒரு வம்பும் இல்லை. வம்பெல்லாம் அந்த முனாவில்தான். 'இப்போதைக்கு நீ போ, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.' இவ்வளவையும் அந்த ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். விருந்தாளி வரும்வரை நாற்காலியில் பூனை உட்காரலாம் என்று சொல்கிற மாதிரியான சொல்.

அன்றைக்கு அது நியாயமான சொல்தான். செனிங்கும் கோபப்படவில்லை. போய் ஆடினான், ஜெயித்தார்கள். ஆனால் அடுத்த ஆட்டத்திலும் கோச் வெள்ளைப் பலகையில் நான்கு பேர் பெயரை எழுதிவிட்டு, ஐந்தாவது இடத்தில் பேனாவை நிறுத்தி, பெருமூச்சு விட்டு, திரும்பிப் பார்த்து, "செனிங், இக்காவ் முனா," என்றார். அதற்கு அடுத்த ஆட்டத்திலும் அதே பெருமூச்சு, அதே சொல். பத்து ஆட்டம், பதினைந்து ஆட்டம். லீக்கிலேயே அதிக பாஸ் கொடுத்தவர்கள் பட்டியலில் செனிங் மூன்றாவது இடத்துக்கு வந்த பிறகும் அதேதான். ஒருதடவை, ஒரே ஒரு தடவை, அந்த ஆள் வாயிலிருந்து முனா இல்லாத இக்காவ் வந்துவிட்டால் போதும், சந்தோஷமாக ரிட்டையர் ஆகிவிடலாம் என்று செனிங் மனைவி மாரிவிக்கிடம் சொன்னான். இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கப்போவதில்லை என்று அவன் முடிவு செய்திருந்தான். பெயருக்கு முன்னால் யார் பெயரும் ஒட்டாமல் ஒரே ஒருமுறை கோர்ட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

மாரிவிக் பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் நடத்துகிறவள். வீட்டிலும் நடத்துவாள்.

"முனாவுக்கு 'முதல்ல'ன்னும் அர்த்தம் இருக்கு. சாப்பாட்டு மேசையில 'இக்காவ் முனா'ன்னா என்ன? நீ முதல்ல எடுத்துக்கோன்னுதான? மரியாதைச் சொல்லுய்யா அது."

"அந்தாளு மூஞ்சியப் பாத்தா சோறு பரிமாறுற மூஞ்சி மாதிரியா இருக்கு? ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விடுறாரு, மாரிவிக்!"

"ஆஸ்துமாவா இருக்கும்."

இது போதாதென்று அணியின் மேலாளர் வில்லரோமனுக்கு ஒரு யோசனை உதித்தது. கிட்டின் ஏழாம் எண் சட்டையைப் பெஞ்சின் முதல் நாற்காலியில் மடித்து வைத்தார். 'கிட் நம்முடன் இருக்கிறான்' என்று காட்டவாம். அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது. பிறகு அதை எடுக்கவே முடியவில்லை. ஆட்டத்தை ஆரம்பித்து வைக்கிற ஆள் உட்காருகிற நாற்காலி அது. ஆடிக் களைத்து வருகிற செனிங், ஒரு துணிக்கு இடம் விட்டு, வியர்வை வழிய வழிய பழைய ஐஸ் பெட்டிப் பக்கமே போய் உட்கார்ந்தான். சட்டை ஜம்மென்று முன்வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தது. ஒருநாள் யாரோ அதற்குப் பூமாலைகூடப் போட்டார்கள். அறிவிப்பாளர் வேறு, ஒவ்வொரு ஆட்டத்திலும் தொண்டை கிழிய, "கிட் பல்மசேடாவுக்குப் பதிலாக... செனிங் லாகுவெஸ்டா!" என்று கத்துவார். முதல் பெயருக்கு அரங்கம் அதிரும். இரண்டாவது பெயருக்குக் கைதட்டல் மரியாதைக்கு வரும்.

கிட்டைத் திட்டவும் வழியில்லை. அவ்வளவு நல்ல பையன். வாரம் தவறாமல் போன் பண்ணுவான். "அண்ணே, கலக்குறீங்க. என் எடத்தச் சூடா வச்சிருக்கீங்க. ரொம்ப நன்றிண்ணே." செனிங், "பரவால்லடா தம்பி," என்பான். போனை வைத்த பிறகு தலையணையைக் குத்துவான்.

எல்லாவற்றுக்கும் மேலே மாமியார். மனைவியின் அம்மா லாக்ரிங்கை அவனும் 'நானாய்', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவான். நானாய் ஒவ்வொரு புதன்கிழமையும் இரண்டு ஜீப்னி மாறி பக்லாரன் மாதா கோயில் நவநாளுக்குப் போய்வருவாள். ஒரு புதன்கிழமை மத்தியானம் அவன் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, தோழிகளோடு சேர்ந்து கிட்டின் முட்டிக்காக ஒன்பது வார நேர்த்தி தொடங்கியிருப்பதாகச் சாதாரணமாகச் சொன்னாள்.

செனிங் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நானாய். நீங்க யாரோட மாமியாரு?"

"என்ன கேள்வி இது? உனக்குத்தான்."

"அப்ப எனக்கு எப்பவாவது ஒரு மெழுகுவத்தி ஏத்துனீங்களா? ரெண்டு முட்டியிலயும் ஐஸ் கட்டிக்கிட்டு உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கேன்!"

நானாய் அவன் முட்டிகளை உண்மையாகவே குனிந்து பார்த்தாள். "உனக்கு என்னப்பா, நீ நல்லாத்தான இருக்கே," என்றாள். பிறகு, "அந்தப் பையன் பாவம்," என்று சொல்லி இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள்.

அந்த நேர்த்தி பலித்துத் தொலைத்தது. லூனா அரையிறுதியைத் தாண்டி இறுதிச் சுற்றுக்குப் போனது. எதிரில் டான் பெபே காபி அணி. ஏழு ஆட்டத்தில் நான்கை ஜெயிக்க வேண்டும். ஆறு ஆட்டம் முடிந்தபோது மூன்றுக்கு மூன்று. ஆறிலும் செனிங்தான் ஆட்டத்தை நடத்தினான். ஆறாவது ஆட்டம் முடிந்த மறுநாள் டாக்டர் கிட்டின் முட்டியை மடக்கி, நீட்டி, தட்டிப் பார்த்துவிட்டு, ஆடலாம் என்றார். ஐந்து மாதமாக இரண்டு வாரம், இரண்டு வாரம் என்று சொன்ன அதே டாக்டர். நாளிதழ்கள் முதல் பக்கத்தில் முட்டியின் படத்தைப் போட்டன.

ஏழாவது ஆட்டத்தன்று உடை மாற்றும் அறையில் கோச் ஐந்து பெயர்களையும் நிறுத்தாமல் எழுதினார். ஐந்தாவது பெயர் கிட். பெருமூச்சு வரவில்லை. செனிங்கைப் பார்க்கவும் இல்லை. செனிங்குக்கு வயிறு எரிந்தது. நியாயம்தான், கிட்டின் இடம் கிட்டுக்கு என்று மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தான். பத்துத் தடவையும் எரிச்சல்தான் மிஞ்சியது.

ஆட்டம் ஆரம்பித்ததும் அவன் ஒரு காரியம் செய்தான். நேராகப் போய் பெஞ்சின் முதல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

மேலாளர் வில்லரோமன் ஓடிவந்தார். "செனிங், செனிங். அது கிட்டோட சீட்டு."

"கிட் உள்ள ஆடிக்கிட்டிருக்கான் பாஸ். சட்டையும் அவன் மேலதான் இருக்கு. இப்ப இது வெறும் நாற்காலி."

"கேமரால தெரியுதுப்பா..."

"தெரியட்டும். அஞ்சு மாசமா அந்தச் சட்டை தெரிஞ்சுதுல்ல?"

வில்லரோமன் வாயைத் திறந்து மூடிவிட்டுப் போனார். செனிங் காலை நீட்டி உட்கார்ந்தான். ஒரு வித்தியாசமும் இல்லை, அதே பிளாஸ்டிக் நாற்காலிதான். ஐஸ் பெட்டி தூரத்தில் இருந்ததால் தண்ணீர் குடிக்க எழுந்து போக வேண்டியிருந்தது.

கிட் முதல் கூடையைப் போட்டபோது அரங்கத்தின் கூரை தப்பித்ததே பெரிய காரியம். ஆனால் ஐந்து மாதம் ஆடாத உடம்பு. அரை நொடி தாமதமாகவே எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தான். டான் பெபே ஆட்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். மூன்றாவது கால்பகுதி நடுவில் லூனா பதினான்கு புள்ளி பின்னால் இருந்தது. கிட் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினான். கோச் பெருமூச்சு விட்டார்.

"செனிங், இக்காவ் முனா."

'அதானே பார்த்தேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான் செனிங். அந்தக் கடுப்பு அவனுக்கு நல்லதாகப் போயிற்று. அடுத்த பத்து நிமிடம் அவன் ஆடியது ஆட்டமா சண்டையா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் புகுந்தான். தரையில் விழுந்து பந்தைப் பிடுங்கினான். கண்ணை ஒரு பக்கம் வைத்து இன்னொரு பக்கம் பாஸ் கொடுத்தான். பதினான்கு பத்தானது, பத்து ஐந்தானது, ஐந்து ஒன்றானது. ஆட்டம் முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

அப்போது கூட்டம் கிட்டின் பெயரைச் சொல்லிக் காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தது. செனிங் ஓரக்கண்ணால் பார்த்தான். கிட் துண்டைப் போட்டுவிட்டு, ஸ்கோர் எழுதுகிற மேசைக்கு முன்னால் உள்ளே வரத் தயாராகக் குந்தியிருந்தான். நடுவர் விசில் ஊதினார். செனிங் யாரையும் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம். தலையைக் குனிந்துகொண்டு, கைப்பட்டையை உருவிக்கொண்டு, பெஞ்சை நோக்கி நடந்தான். முதல் நாற்காலியில் கிடந்த துண்டைக்கூட எடுத்துவிட்டான்.

"எங்கடா போற?"

கோச் கத்தின கத்தலில் மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"கிட் வர்றான்ல, கோச்."

"வரட்டும். உன்ன எவன் கூப்பிட்டான்? நான் கூப்பிட்டனா? டென்சியோ! நீ வெளிய வாடா!"

இன்னொரு கார்டு டென்சியோ ஓடிவந்தான். கோர்ட்டில் நான்கு பேர் நின்றுகொண்டு ஐந்தாவது ஆள் எங்கே என்று பார்த்தார்கள். நடுவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மத்தி டீம், ஆள் வர்றாங்களா இல்லையா?" என்றார். செனிங் துண்டைக் கையில் பிடித்தபடியே உள்ளே ஓடி, பாதி வழியில் அது நினைவுக்கு வந்து தூக்கி எறிந்தான். அது பறந்துபோய் வில்லரோமன் தோளில் விழுந்தது. செனிங்குக்கு முகம் பற்றி எரிந்தது. யாரும் சொல்லாமலே வெளியே போயிருக்கிறோமே, இதுவரை எத்தனை தடவை இப்படிப் போயிருப்போம் என்று நினைத்தபோது, முதல்முறையாக அவனுக்கு அவன் மீதே கடுப்பு வந்தது.

கடைசி ஐந்து நிமிடம் இருவரும் சேர்ந்து ஆடினார்கள். நான்கு நொடி மிச்சமிருக்கும்போது டான் பெபே தொண்ணூற்று இரண்டு, லூனா தொண்ணூற்று ஒன்று. கோச் டைம் அவுட் கேட்டார்.

எல்லோரும் அவரைச் சுற்றிக் குனிந்தார்கள். பலகையில் கோடு இழுத்தார், வட்டம் போட்டார். பந்து எங்கிருந்து வரும், யார் குறுக்கே நின்று வழி மறைக்க வேண்டும் என்று காட்டினார். கடைசியாகக் கூடைக்குப் போட வேண்டியவன் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்பதுபோல எல்லோரும் கிட்டைப் பார்த்தார்கள். கிட்டும் தலையாட்டத் தயாராக இருந்தான். கோச் நிமிர்ந்தார். பெருமூச்சு விட்டார்.

"செனிங். இக்காவ்."

செனிங் காத்திருந்தான். இருபதாயிரம் பேர் போடுகிற சத்தத்தில் அந்த அடுத்த சொல் தொலைந்து போயிருக்கலாம். அதனால் கேட்டே விட்டான்.

"முனா?"

"என்ன முனா?" கோச்சுக்கு ரத்தம் தலைக்கேறியது. "நாலு செகண்டுதான்டா இருக்கு! அதுக்கப்புறம் யார அனுப்புறது, எங்கம்மாவையா?"

கிட் சிரித்துவிட்டான். செனிங்குக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பட்டையைச் சரிசெய்துகொண்டு கோர்ட்டுக்குள் போனான்.

பந்து வந்தது. கிட் தன் புது முட்டியைப் பற்றிக் கவலைப்படாமல், செனிங்கைத் துரத்தி வந்தவனுக்குக் குறுக்கே சுவர் மாதிரி நின்று மறித்துவிட்டு, மூலைக்கு ஓடினான். செனிங் வலது பக்கம் இரண்டடி எடுத்து வைத்து, எழும்பி, போட்டான். நல்ல ஷாட். பந்து கையை விட்டுப் போகும்போதே நல்ல ஷாட் என்று அவனுக்குத் தெரிந்தது. பந்து வளையத்தின் பின்பக்கம் பட்டது, முன்பக்கம் பட்டது, கொஞ்சம் யோசித்தது, வெளியே விழுந்தது. மணி அடித்தது. அவ்வளவுதான்.

கோப்பை காபிக்காரனுக்குப் போயிற்று. செனிங் குளியலறையில் நின்று சத்தமில்லாமல் அழுதான். வெளியே வந்ததும் நிருபர்கள் மைக்கை நீட்டினார்கள். "செனிங், கிட்..." என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். அவன் வழக்கம்போல, "முட்டி நல்லா இருக்கு," என்றான்.

"அது இல்ல. கடைசில கிட் மூலையில தனியாத்தான நின்னாரு? ஏன் அவருக்குப் பாஸ் கொடுக்கல? ஏன் நீங்களே போட்டீங்க?"

மறுநாள் காலை பேக்கரிக்காரி ரொட்டியைப் பையில் போட்டாள், முகத்தில் சிரிப்பில்லை. "வலது பக்கம் ஏன் போனீங்க? உங்களுக்கு எடதுதான நல்லா வரும்?" என்றாள். மாங் டோலென் தடுப்புக் கம்பத்தைத் தூக்கவே இல்லை.

"என்ன தம்பி நீ! இன்னும் ஒரு அடி எடுத்து வச்சிருக்கலாம்ல? ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல."

"ஒரு அடி எடுத்து வச்சா மணி அடிச்சிருக்கும், மாங்."

"அடிச்சிருக்காது. நான் எண்ணினேன்."

சந்தையில் அலிங் புரிங் அவனைப் பார்த்ததும் கத்தியை நங்கென்று பலகையில் வைத்தாள்.

"வந்துட்டியா. கண்ணு தெரியுமா தெரியாதா உனக்கு? கிட் அந்தப் பக்கம் தனியா நிக்கிறான். தனியா!"

"அவன் தனியா நிக்கல அலிங். டிவில உங்களுக்கு அப்படித் தெரிஞ்சுது."

"எனக்குப் பாடம் நடத்தாத. பன்னெண்டு வருசமா உன் ஆட்டத்தப் பாக்குறவ நான். அந்தப் பந்து உன் கையில வந்ததும் நீ கொஞ்சம் அவசரப்பட்டுட்டே."

பன்னிரண்டு வருடமாகவா? செனிங் ஒரு நொடி திகைத்தான். பிறகு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பனிக்கட்டி மேல் கிடந்த பாங்குஸ் மீன்களில் ஐந்தை இழுத்துப் பலகையில் அடுக்கினான்.

"இங்க பாருங்க. இது நான். இது கிட். இந்தக் குண்டு மீனு டான் பெபேகாரன், ஆறடி ஏழு அங்குலம். இவன் கை எங்க நீளுது பாருங்க. நான் இப்படிப் பாஸ் கொடுத்தா என்ன ஆகும்?"

"மீன நசுக்காத. கொஞ்சம் மேல தூக்கிக் கொடுத்திருக்கணும்."

பக்கத்துக் கடை இறால்காரனும் வந்து, கிட் நின்றது அங்கே இல்லை இங்கே என்று ஒரு மீனை நகர்த்தினான். அரைமணி நேரம் சண்டை நடந்தது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. தொண்டை கட்டி, கையெல்லாம் மீன் வாடையோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் செனிங்குக்கு அது உறைத்தது. இன்றைக்கு ஒருவர்கூட முட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. மொத்த ஊரும் அவன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேசையில் நானாய் அவன் கையைப் பிடித்து, மணிக்கட்டை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"புதன்கிழமை இதுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துறேன்," என்றாள்.

"கிட்டுக்கு?"

"அவனுக்கு என்ன, அவன் நல்லாத்தான இருக்கான்."